0டபிள்யூ-20 போடச் சொன்ன ஸ்போர்ட்ஸ் காரில் 10டபிள்யூ-60 ஊற்றலாமா?

4 மார்ச் 2025 (கேள்வி)

நான்கு சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஆயில் ஊற்றும் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்கிறது. ரோட்டில் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. டிராக்கில் நாலைந்து சுற்று வேகமாகப் போனால் ஆயில் வெப்பநிலை 125 டிகிரிக்கு ஏறுகிறது. கூட ஓட்டுபவர்கள் 10டபிள்யூ-60 ஊற்றச் சொல்கிறார்கள். ஆயில் எவ்வளவு கெட்டியோ என்ஜினுக்கு அவ்வளவு பாதுகாப்பு என்பது சரிதானே?

4 மார்ச், இரவு

சரியில்லை. பேரிங்குக்கு வேண்டியது, அது வேலை செய்யும் வெப்பத்தில் அறுந்துபோகாத ஆயில் படலம். அந்த வெப்பம் எவ்வளவு என்று தெரியாமல் கிரேடு பேசிப் பயனில்லை. நீங்கள் 125 என்று சொல்லிவிட்டதால் பேச முடிகிறது.

முதலில் டப்பாவில் உள்ள எண்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. எஸ்ஏஇ ஜே300 தரப்படி, குளிரில் கிராங்க் சுற்றும் சோதனையை 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-லும் செய்கிறார்கள். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் அளந்தது. 20 என்றால் 6.9 முதல் 9.3-க்குள், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள், 60 என்றால் 21.9 முதல் 26.1-க்குள். எல்லாம் ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் கணக்கு.

உங்கள் என்ஜின் டிராக்கில் 100 டிகிரியில் ஓடவில்லை. 100-ல் 8.5 காட்டும் ஒரு 20 கிரேடு, 125-ல் ஏறக்குறைய ஐந்தரைக்கு இறங்கிவிடும். ஆகவே உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு 60 அல்ல.

5 மார்ச்

நேற்றைய கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் முடிவே இதிலிருந்துதான் வருகிறது.

40 டிகிரியில் 85, 100 டிகிரியில் 14 காட்டும் ஒரு 5டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 120-ல் அது 9.4 ஆகிறது, 130-ல் எட்டுக்குச் சற்றுக் கீழே. சாதாரணமான ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் 10.8 இருக்கும். அப்படியென்றால் 120-ல் ஓடும் 40 கிரேடு, 100-ல் ஓடும் 30 கிரேடைவிட நீர்த்தது. டிராக் காருக்கு ஒரு கிரேடு ஏற்றச் சொல்வதன் பொருள் இதுதான். ரோட்டில் இருந்த படலத்தை டிராக் வெப்பத்திலும் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொள்வது, அவ்வளவே.

இப்போது 10டபிள்யூ-60. 100-ல் 23 இருக்கும் ஆயில் 130-ல் கூட 12-க்கு மேல் நிற்கும். 0டபிள்யூ-20-க்கு அளவெடுத்த என்ஜினுக்கு அது தேவைக்கு மிக அதிகம். அதைவிட முக்கியம், காலையில் 20 டிகிரியில் ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஆயில் 5டபிள்யூ-40-ஐப் போல் இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலில் ஒரு பகுதியை என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கே திருப்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறக்கும், அப்போது வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். டர்போவின் தண்டுக்கு ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் திருப்பும் அமைப்புக்கு அதன் பதில் வேகம் குறையும். கெட்டி ஆயில் உள்ளுக்குள் உராய்ந்தே கூடுதல் வெப்பத்தையும் உண்டாக்கும், குறைக்க நினைத்த வெப்பம் அதனாலேயே ஏறும்.

மீட்டரில் அழுத்தம் அதிகமாகக் காட்டுவதைப் பார்த்துப் பலர் திருப்தி அடைகிறார்கள். அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு இருக்கும் தடையின் அளவு. பேரிங்குக்குள் எவ்வளவு ஆயில் போகிறது என்பதை அது காட்டாது.

5 மார்ச், மாலை

"அப்படியானால் 10டபிள்யூ-60 எதற்காகத்தான் விற்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அதற்கென்றே கட்டிய என்ஜின்களுக்கு. பிஎம்டபிள்யூ எம் பிரிவின் எஸ்54, எஸ்65, எஸ்85 என்ஜின்களுக்கு அந்த நிறுவனமே 10டபிள்யூ-60 குறித்தது. மூன்றும் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலேயோ போகிறவை. எஸ்54-இன் தொடக்கக் கார்களில் 5டபிள்யூ-30 இருந்தது. கனெக்டிங் ராடு பேரிங் சிக்கலால் கார்களைத் திரும்ப அழைத்த காலத்தில் அது 10டபிள்யூ-60 ஆனது. அந்த வரலாற்றைப் பார்த்துத்தான் "எம் காருக்கு அதுதான், நம் காருக்கும் அதுதான்" என்ற பேச்சு பரவியது. அதே எம் பிரிவு பின்னால் வந்த டர்போ என்ஜின்களில் 60-ஐ விட்டுவிட்டது.

6 மார்ச்

கிரேடைவிட முக்கியமான ஓர் எண் இருக்கிறது. டப்பாவின் முன்பக்கத்தில் அதைப் போடுவதில்லை: எச்டிஎச்எஸ். ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கில் நடப்பதைப் போன்ற கடும் இழுவிசையில் அளப்பது. அலகு மில்லிபாஸ்கல்-வினாடி.

100 டிகிரி அளவீட்டில் ஆயில் தன் எடைக்குத் தானே வழிந்து இறங்குகிறது, யாரும் அதை இழுப்பதில்லை. பேரிங்கில் கதை வேறு. மல்டிகிரேடு ஆயிலில் கலந்திருக்கும் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் அந்த இழுவிசையில் ஓட்டத்தின் திசைக்கு நீண்டு படுத்துவிடும், ஆயில் தற்காலிகமாக நீர்த்துப்போகும். அந்த நிலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் எச்டிஎச்எஸ்.

ஜே300 கேட்கும் குறைந்தபட்சம் 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9. 40-இல் இரண்டு வகை உண்டு: 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ என்றால் 3.5, 15டபிள்யூ முதல் மேலே 3.7. 50-க்கும் 60-க்கும் அதே 3.7. இதைக் கவனியுங்கள்: 50-க்கும் 60-க்கும் கேட்கும் குறைந்தபட்சம் ஒன்றேதான்.

இன்னொன்று, எல்லா 30-உம் ஒன்றல்ல. ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ-யின் ஏ5/பி5 வகை 5டபிள்யூ-30-இல் எச்டிஎச்எஸ் 2.9-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கும். ஏசிஇஏ சி3 அல்லது ஏ3/பி4 வகை 5டபிள்யூ-30-இல் 3.5-க்குக் குறையவே கூடாது. பிஎம்டபிள்யூ எல்எல்-01, மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வேகன் 504.00 ஒப்புதல் உள்ள 30-களும் 3.5 பக்கம்தான். முன்பக்கத்தில் இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றே இருக்கும், டிராக்கில் இரண்டும் ஒரேபோல் தாங்காது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளை இறக்கி எச்டிஎச்எஸ் வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லாத தாள் என்றால் வேறு ஆயில் பாருங்கள்.

7 மார்ச்

கேள்வி கேட்டவருக்கு நேரடிப் பதில். உங்கள் மானுவலில் ஆயில் அட்டவணையை முழுதாகப் படியுங்கள். மூடியில் ஒரே கிரேடு இருந்தாலும், பல கார்களின் மானுவல் அதிக வேகம், அதிகச் சுமை, வெப்பமான இடம் ஆகியவற்றுக்கு அடுத்த கிரேடை அனுமதிக்கிறது. அனுமதி இருந்தால் எச்டிஎச்எஸ் 3.5 உள்ள 5டபிள்யூ-30-இல் தொடங்குங்கள். 125-க்கு மேல் நிலைத்து நின்றால் 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேல் வெப்பம் ஏறினால், ஆயில் கூலருக்குச் செலவழிப்பதுதான் சரி. 140-ல் ஓடும் என்ஜினை ஆயிலை மாற்றிக் காப்பாற்ற நினைப்பது தவறான இடத்தில் முயற்சி செய்வது. தெர்மோஸ்டாட் வைத்த கூலராக இருக்கட்டும். இல்லாவிட்டால் ரோட்டில் ஆயில் 80 டிகிரியே தொடாது, அது வேறு சிக்கலைக் கொண்டுவரும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

7 மார்ச், சற்றுப் பிறகு

அந்த 125 எங்கே அளந்தது என்றும் பாருங்கள். சென்சார் சம்ப்பில் இருந்தால் ஒரு எண், கூலரைத் தாண்டிய பிறகு இருந்தால் குறைவான எண். சில கார்களில் டிஸ்ப்ளேயில் தெரிவது நேரடி அளவே அல்ல, என்ஜின் கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் காட்டுவது. எங்கே அளந்தாலும் பேரிங்குக்குள் அதைவிடச் சூடுதான். இரண்டு பேர் தங்கள் வெப்பநிலையை ஒப்பிடும்போது இதை முதலில் தெளிவாக்காவிட்டால் பேச்சு வீண்.

11 மார்ச்

"ஒரே என்ஜினுக்கு நாட்டுக்கு நாடு வேறு ஆயில் சொல்வார்களா?" என்றார் ஒருவர். நாட்டை விடுங்கள், ஒரே குடும்பத்து என்ஜினுக்கு வேலையைப் பொறுத்தே மாற்றுவார்கள். 2012, 2013-இல் ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி-யின் 5.0 லிட்டர் வி8-க்கு 5டபிள்யூ-20. அதே 5.0-ஐ வைத்து அதே மாடல் ஆண்டுகளில் வந்த பாஸ் 302, 7,500 சுற்று வரை போகும். அதற்கு 5டபிள்யூ-50.

செவர்லே கார்வெட் சி7 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ரோட்டுக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்கு 15டபிள்யூ-50, டிராக் முடிந்ததும் திரும்ப 5டபிள்யூ-30 என்று மானுவலே சொன்னது. இப்படி மாற்றி மாற்றி ஊற்றுவது யாருக்கும் பிடிக்கவில்லை. 2019 மாடலிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40 ஆக்கினார்கள். ரோடும் டிராக்கும் ஒரே காரில் என்றால், நல்ல 0டபிள்யூ-40 எவ்வளவு பரந்த வேலைக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. நிஸான் ஜிடி-ஆர் ஆர்35-க்கும் தொழிற்சாலையில் ஊற்றியது 0டபிள்யூ-40தான்.

போர்ஷேயில் கிரேடைக் கேட்காதீர்கள், ஒப்புதலைக் கேளுங்கள். பெட்ரோல் என்ஜின்களுக்கு நெடுநாளாக ஏ40. எக்ஸாஸ்டில் துகள் வடிகட்டி வந்த கார்களுக்கு சி40. சில புதிய என்ஜின்களுக்கு 0டபிள்யூ-20 வகை சி20. ஏ40-உம் சி40-உம் 40 கிரேடுதான், ஆனால் சாம்பல் அளவு வேறு. சி40 கேட்கும் காரில் ஏ40 ஊற்றினால் பேரிங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆயிலோடு எரியும் உலோகச் சேர்க்கைகள் வடிகட்டியில் சாம்பலாகத் தங்கும், அந்தச் சாம்பலை எரித்து வெளியேற்ற வழியே இல்லை.

12 மார்ச்

சாம்பல் என்றதும் எண் கேட்கிறார்கள். ஏசிஇஏ சி3-இல் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஏ3/பி4-இல் 1.0 முதல் 1.6 வரை. காரத்தன்மையைக் காட்டும் டிபிஎன், சி3-இல் குறைந்தது 6, ஏ3/பி4-இல் குறைந்தது 10. வடிகட்டி இல்லாத பழைய காரில் ஏ3/பி4-இன் கூடுதல் டிபிஎன் அமிலத்தைத் தாக்குப்பிடிக்க உதவும். வடிகட்டி உள்ள காரில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

2 ஏப்ரல்

டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்று கேள்வியிலேயே இருந்தது. அதற்கான விஷயத்தை எழுதாமல் விட முடியாது: எல்எஸ்பிஐ. குறைந்த சுற்றில் முழுச் சுமை கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வது. சிலிண்டர் சுவரில் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி தெறித்துப் பற்றவைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே ஒரு தடவை பலமாக நடந்தாலும் பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பு உடையலாம்.

ஆயிலில் அழுக்கு படியாமல் இருக்கச் சேர்க்கும் கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது. மெக்னீசியம் அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யிடமிருந்து 2020 மே மாதம் வந்த எஸ்பி தரத்தில் இதற்கென்று தனிச் சோதனை உண்டு. 2025 மார்ச் 31 முதல் அடுத்த தரமான ஏபிஐ எஸ்கியூ நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் காருக்கு எஸ்பி அல்லது எஸ்கியூ முத்திரை கட்டாயம் வேண்டும்.

"ரேஸிங்" என்று எழுதிய பல டப்பாக்களில் ஏபிஐ முத்திரையே இருக்காது. அவை அடிக்கடி மாற்றப்படும் ஆயில்கள், டிடர்ஜென்ட் குறைவாக இருக்கலாம், எல்எஸ்பிஐ சோதனைக்குப் போயே இருக்காது. ரோட்டில் மாதக்கணக்கில் ஓடும் டர்போ காருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த ஆயில் ஊற்றினாலும் 1,500 சுற்றில் உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை அடியோடு மிதிக்காதீர்கள். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

3 ஏப்ரல்

பழைய காருக்கு இதெல்லாம் வேறா என்று கேட்டவருக்கு: ஆமாம், உங்களுக்குக் கதை வேறு. தட்டையான டேப்பெட் மேல் கேம் நேரடியாக உரசும் என்ஜின்களுக்கு, தேய்மானத்தைத் தடுக்கும் சேர்க்கையான இசட்டிடிபி-யில் இருந்து வரும் பாஸ்பரஸ் அதிகம் வேண்டும், 1,200 பிபிஎம் பக்கம். ஏபிஐ எஸ்பி 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் அது 600 முதல் 800 பிபிஎம்-க்குள் அடைபட்டிருக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் காப்பதற்காக. 40, 50 கிரேடுகளுக்கு அந்த மேல்வரம்பு இல்லை, ஆகவே அங்கே தேடுங்கள். தனியாக வாங்கி ஊற்றும் சேர்க்கை வேண்டாம். தயாரிப்பாளர் அளந்து கலந்த டிடர்ஜென்ட்டும் இசட்டிடிபி-யும் உலோகப் பரப்பில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றது குலையும்.

3 ஏப்ரல், இரவு

"ஃபுல்லி சிந்தெடிக்" என்ற சொல்லை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1999-இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால், மொபில் இடையே வந்த விளம்பரத் தகராறில், கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 கச்சா எண்ணெய் ஆயிலையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என்று விளம்பர ஒழுங்கு அமைப்பு முடிவு சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல், வேதி முறையில் உருவாக்கும் பிஏஓ, எஸ்டர் ஆகியவற்றுக்கும் குரூப் 3-க்கும் பொதுவாகிவிட்டது. நல்ல குரூப் 3 ஆயில் கடினமான ஒப்புதல்களை எல்லாம் வாங்குகிறது. ஒப்புதல் வரியைப் படித்தால் போதும். அதிலும் "ஒப்புதல் பெற்றது" என்பதும் "இதற்குப் பொருத்தமானது" என்பதும் ஒன்றல்ல. பின்னது விற்பவரின் கருத்து மட்டுமே.

9 ஏப்ரல்

80 டிகிரி தொடாத ஆயிலைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் படிந்து, ரிங் வழியாகச் சம்ப்புக்கு இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அதில் பெரும்பகுதி ஆவியாகி, என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வு வழியாக வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டங்களாகவே போனால் தேங்கும். 5 சதவீதம் பெட்ரோல் கலந்தால் 40 கிரேடு ஆயில் 30 கிரேடாக இறங்கிவிடக்கூடும். டிப்ஸ்டிக்கில் மட்டம் தானாக ஏறினால், அல்லது பெட்ரோல் வாசம் அடித்தால், கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் ஊற்றுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான். வாரம் முழுக்கக் குறுந்தூரம் ஓடிய ஆயில், டப்பாவில் எழுதிய கிரேடில் இல்லை.

15 ஏப்ரல்

மாற்றும் முறையைக் கேட்டவர்களுக்கு.

என்ஜினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள், ஆயில் 50, 60 டிகிரிக்கு இறங்கட்டும். டிராக்கிலிருந்து வந்த கையோடு போல்ட்டைக் கழற்றினால் கை வெந்துவிடும். கார் மட்டமாக இருக்கட்டும். மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டுவது நிற்கும் வரை விடுங்கள். போல்ட்டின் வாஷர் ஒரு தடவை நசுங்குவதற்குச் செய்தது, ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். அலுமினிய சம்ப்பில் போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காதீர்கள், மானுவலில் உள்ள டார்க் அளவுக்கு ரெஞ்சை வைத்து இறுக்குங்கள். மரை பிய்ந்தால் சம்ப்பையே மாற்ற வேண்டிவரும்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த சில விநாடியில் ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும். புது வளையத்தில் ஆயில் தடவிப் பொருத்துங்கள். கார்ட்ரிட்ஜ் வகை என்றால் பேப்பரின் மடிப்புகளைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் அடுத்த முறை டிராக்குக்குப் போகும் முன் காரணம் தெரிந்தாக வேண்டும்.

குறித்த அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அழுத்த விளக்கு அணைந்த பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். கசிவு பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளந்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கினால் பம்ப் காற்றை இழுக்கும், காற்றால் படலம் உண்டாகாது.

16 ஏப்ரல்

நேற்று எழுதியது, ஆயில் சம்ப்பிலேயே தங்கும் வெட் சம்ப் கார்களுக்கு. டிரை சம்ப் என்றால் அளக்கும் முறையே வேறு. ஆயில் தனி டேங்க்கில் இருக்கும், கார் நின்றிருந்தால் மெல்லச் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் குளிர்ந்த காரில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயிலே இல்லாதது போலத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், சூடானதும் உபரி முழுவதும் பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போகும், சைலன்சரில் புகை கிளம்பும். ஆயிலை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மானுவல் சொல்லும் நேரக் கணக்கில் மட்டும் அளங்கள். வடிக்கும்போதும் டேங்க்குக்கும் சம்ப்புக்கும் தனித்தனி போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் பழைய ஆயில் கணிசமாகத் தங்கிவிடும்.

வெட் சம்ப் காரை டிராக்கில் ஓட்டுபவர்கள் மட்டத்தை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்பின் உறிஞ்சு குழாய் வெளியே தெரியும். அரை லிட்டர் குறைந்தாலே அதற்கு வாய்ப்பு அதிகம். வளைவில் மட்டும் அழுத்தம் சரிந்து நேர்ப்பாதையில் திரும்ப ஏறினால், அது கிரேடு சிக்கல் அல்ல. 10டபிள்யூ-60 அதைச் சரிசெய்யாது, சம்ப்பில் தடுப்புத் தட்டு வைக்க வேண்டும்.

28 ஏப்ரல் (கேள்வி கேட்டவர்)

மானுவலின் உள்பக்கத்தில் 5டபிள்யூ-30 அனுமதி இருக்கிறது. சி3, ஏபிஐ எஸ்பி, எச்டிஎச்எஸ் 3.5 உள்ளது ஊற்றியிருக்கிறேன். 120 டிகிரியில் 4,000 சுற்றுக்கு ஆயில் அழுத்தம் 3.2 பார் காட்டுகிறது. போதுமா?

28 ஏப்ரல், இரவு

ஆயிரம் சுற்றுக்கு 0.7 பார் என்ற பழைய கணக்குப்படி 2.8 போதும், நீங்கள் அதற்கு மேலே இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் என்ஜினில் பம்ப்பின் அளவைக் கம்ப்யூட்டர் மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது, சர்வீஸ் மானுவலின் அட்டவணைதான் செல்லும். இன்றைய எண்ணை வெப்பநிலையோடும் சுற்றோடும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இனி ஒப்பிட வேண்டியது அதோடுதான். அதே வெப்பத்தில், அதே சுற்றில் 0.5 பார் குறைந்தால் முதலில் பெட்ரோல் கலப்பைச் சந்தேகியுங்கள்.

30 ஏப்ரல்

அதை உறுதிசெய்ய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சூடான ஆயில் வடியும்போது, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு, நடுவில் 100 மில்லி பிடியுங்கள். அறிக்கையில் இரும்பு, செம்பு, ஈயம், தகரம், அலுமினியம் தேய்மானத்தைச் சொல்லும். புதிய கார்களில் பல பேரிங்குகளில் ஈயமே கிடையாது, ஆகவே ஈயம் பூஜ்ஜியம் என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், புது என்ஜினில் அது சீலன்ட்டிலிருந்தும் வரும். புதிதாகப் பொருத்திய ஆயில் கூலர் தேய்மானமே இல்லாமல் செம்பைக் கரைத்துக் காட்டும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஒரே ஆயில், ஒரே ஓட்டம் வைத்து இரண்டாவது அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ஆயில் மாறினால் சேர்க்கைகளின் எண்களும் மாறும், ஒப்பீடு குழம்பிவிடும்.